பாறையின் சூடும் ஈயச் சொம்பும்: சிக்கல்வழி அறிவியல் கற்றல் பற்றிச் சில எண்ணங்கள்

பாடம் முதலில், கேள்வி பின்னால். நாம் எல்லோரும் பள்ளியில் கண்ட முறை இதுதான். வெப்பம் என்றால் என்ன என்று ஆசிரியர் சொல்வார். வரையறையைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார். அப்புறம் சூத்திரம் வரும். பாடத்தின் கடைசியில் பத்து வினா இருக்கும். அந்தப் பத்துக்கும் விடை பாடத்துக்குள்ளேயே எங்கேயோ ஒளிந்திருக்கும். கெட்டிக்காரப் பிள்ளை தேடிப்பிடித்துப் பென்சிலால் அடைப்புக்குறி போட்டுக்கொள்ளும். இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டிப்போடுவதற்குச் சிக்கல்வழிக் கற்றல் என்று பெயர். இங்கே முதலில் வருவது சிக்கல். அதை அவிழ்க்க என்ன தெரியவேண்டும் என்று பிள்ளைகளே கூடிப் பேசுவார்கள். அதன் பிறகுதான் பாடநூலைத் திறப்பது. அப்போது பாடநூல் மனப்பாடத்துக்கு உரியதாக இராது. தேவைக்கு எடுக்கும் கருவியாகிவிடும்.

இது கனடா நாட்டில் ஹாமில்டன் நகரத்து மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் 1969-ஆம் ஆண்டு முதலாகப் பெயர்பெற்ற முறை. அங்கே மாணவர்களுக்கு உடற்கூறு, உடலியல் என்று தனித்தனியாகப் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, ஒரு நோயாளியின் விவரத்தைக் கையில் கொடுத்துச் சிறு குழுவாக உட்கார வைத்தார்கள். ஹோவர்ட் பாரோஸ் என்னும் மருத்துவப் பேராசிரியர் இதனை முறைப்படுத்தி உலகெங்கும் பரப்பினார். நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் மருத்துவப் பள்ளி 1970-களில் இதைக் கைக்கொண்டது. பின்னர் பொறியியலுக்கும், அங்கிருந்து உயர்நிலைப் பள்ளி அறிவியலுக்கும் வந்து சேர்ந்தது.

மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவேண்டியதில்லை. நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஆசிரியர் சொன்னதை முழுமையாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்குதான் என்கிறார் பவணந்தி முனிவர். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. பிறருக்குத் தான் எடுத்துச் சொல்வதால் மீதி அரைப் பங்கு. எங்கள் நயினார் வீடுகளில் பவணந்தியாரை ஏதோ பெரியப்பா போலச் சொந்தம் கொண்டாடுவோம். ஆனால் இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. நாற்பது நிமிட வகுப்பில் ஆசிரியர் முப்பத்தைந்து நிமிடம் பேசினால், பவணந்தியார் கணக்குப்படி முக்கால் பங்கு கல்விக்கு மிச்சம் ஐந்து நிமிடம்! இன்னொன்றும் சொல்லவேண்டும். நன்னூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் மரபினன். கங்கரின் பழைய தலைநகரம் குவலாலபுரம், அதாவது நம் கோலார். ஆகவே இந்த யோசனையைக் கோலார் மாவட்டத்துக்குள் கொண்டுவர யாரிடமும் கடன் வாங்கவேண்டாம்.

சரி, எது நல்ல சிக்கல்? எல்லாக் கேள்வியும் சிக்கல் ஆகாது. "நீரின் கொதிநிலை யாது?" என்பது வினா, ஒரே சொல்லில் முடிந்தது. நல்ல சிக்கலைக் கேட்டதும் பிள்ளைக்கு ஒரு விடை தோன்றவேண்டும், அந்த விடை கொஞ்ச தூரம் போய்த் தடுக்கி விழவும் வேண்டும். நான் பாத்திர வியாபாரி. என் கடையிலிருந்தே ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன்.

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடுப்பு நெருப்போ அதைப்போல் பல மடங்கு சூடு. அப்படியிருக்க, ரசம் கொதிக்கும்போது சொம்பு ஏன் உருகவில்லை? அதே சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் ஏன் உருகி வழிந்துவிடுகிறது? சொம்பை உருக்கிவிட்டுக் கடைக்கு வந்து "ஈயம் சரியில்லைங்க" என்று சண்டைபிடிக்கும் புதுமணப் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் அறிவியல் பட்டதாரிகளும் உண்டு. தண்ணீர் உள்ளே இருக்கும்வரை அது நூறு டிகிரிக்கு மேல் ஏறாது, வருகிற வெப்பமெல்லாம் ஆவியாவதற்கே செலவாகிறது, ஆகவே சொம்பின் சுவரும் நூறை ஒட்டியே நிற்கிறது. இது ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான். உள்ளுறை வெப்பம் என்று படித்துத் தேர்வில் எழுதியும் இருப்பார்கள். அடுப்படிக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. இந்தச் சிக்கலை முதலில் கொடுத்துவிட்டு அந்தப் பாடத்தைத் திறந்தால் சொம்பும் பிழைக்கும், பாடமும் பிழைக்கும்.

இதையே இன்னும் நீட்டலாம். வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் விலை குறைவு, பார்வைக்கு இரண்டும் பளபளப்பு. காரீயம் உடம்புக்கு நஞ்சு. கடைக்காரன் சொல்வதை நம்பாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளீயம் சுமார் 7.3 கிராம், காரீயம் சுமார் 11.3 கிராம். ஒரு தராசும் தண்ணீர் நிரம்பிய அளவு குவளையும் இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை தீர்ப்புச் சொல்லிவிடும். அடர்த்தி என்ற சொல்லுக்கு அப்போது ஒரு வேலை கிடைக்கிறது. வியாபாரியான நானே இதைச் சொல்லிக்கொடுக்கிறேனே என்று என் சகவியாபாரிகள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பங்காருப்பேட்டையில் கிளம்பும் கிளைப்பாதை வந்து முடிகிற இடம் மாரிகுப்பம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு இங்கே தோண்டிய தோண்டலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் வேலை போனதையும், விடியற்காலை ரயிலில் நெரிசலோடு பெங்களூருக்குப் போகிற கூட்டத்தையும்தான் எழுதுகிறார்கள். அது உண்மைதான். இந்த ஊரின் பள்ளிக்கூடங்களைச் சுற்றி எவ்வளவு அறிவியல் கொட்டிக்கிடக்கிறது என்பதைத்தான் யாரும் எழுதக் காணோம்.

பத்தாம் வகுப்புக்கு ஒரு சிக்கல்: "மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் ஆள் எட்டு மணி நேரம் வேலை செய்யவேண்டும். அவருக்கு என்னென்ன ஏற்பாடு தேவை?" இவ்வளவுதான் கொடுப்பது. ஐந்தாறு பேர் கொண்ட குழுவாக உட்காரவேண்டும். கரும்பலகையில் மூன்று பத்தி: நமக்குத் தெரிந்தது, தெரியாதது, யாரைக் கேட்பது.

பிள்ளைகள் முதலில் காற்று, வெளிச்சம், தண்ணீர் என்று அடுக்குவார்கள். யாராவது ஒருத்தர் சூடு என்பார். எவ்வளவு சூடு? பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சராசரியாக 25 முதல் 30 டிகிரி கூடும் என்று புத்தகம் சொல்கிறது. மேலே பாறை 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால் மூன்று கிலோமீட்டரில் 100 முதல் 115 டிகிரி. கணக்குச் சரி. ஆனால் "அப்போ தாத்தா எப்படி சார் உயிரோட வந்தாரு?" என்று ஒரு பையன் கேட்டே தீருவான். பாடம் தொடங்குகிற இடம் அதுதான். ஆசிரியர் பதில் சொல்லிவிடக் கூடாது. வீட்டுக்குப் போய்த் தாத்தாவைக் கேட்டுவிட்டு வரட்டும்.

இங்கே அளந்து பார்த்ததில் அந்த ஆழத்துப் பாறையின் சூடு அறுபது சொச்சம் டிகிரிதான். கணக்குக்கும் அளவுக்கும் நாற்பது டிகிரி இடைவெளி! புத்தகம் பொய்யா? பொய் இல்லை, அது உலகச் சராசரி. நம் காலடியில் இருக்கிற பாறை சுமார் 270 கோடி ஆண்டுப் பழமை உடையது. பூமியின் உள்வெப்பத்தில் ஒரு பகுதி யுரேனியம், தோரியம், பொட்டாசியம் முதலிய கதிரியக்கத் தனிமங்கள் சிதைவதால் உண்டாவது. இவ்விடத்துப் பழம்பாறையில் அவை குறைவு. இந்த நிலப்பகுதியும் மிகப் பழையது, தடித்தது, குளிர்ந்து இறுகியது. ஆகவே இங்கே ஒரு கிலோமீட்டருக்குச் சூடு ஏறுவது சராசரியில் பாதி அளவே. இப்படி ஒரு பாறை வாய்த்ததால்தான் மூன்று கிலோமீட்டர் இறங்கவே முடிந்தது. சராசரி என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் உண்மை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லிக்கொடுக்காது.

அறுபது டிகிரியும் சாமானியச் சூடு அல்லவே. மேலிருந்து காற்றை அனுப்பினால் போதாதா என்று அடுத்த குழு கேட்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். காற்று கீழே இறங்க இறங்க மேலே உள்ள காற்றின் எடை அதை அமுக்குகிறது, அமுங்கும் காற்று சூடாகிறது. உலர்ந்த காற்றானால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ பத்து டிகிரி. 25 டிகிரியில் அனுப்பிய காற்று மூன்று கிலோமீட்டர் இறங்குவதற்குள், பாறையைத் தொடாமலே, 55 டிகிரியை எட்டிவிடும். இதனால்தான் காற்றைக் குளிரவைத்து அனுப்பும் பெரிய ஆலைகளை இங்கே நிறுவவேண்டி வந்தது.

இன்னொன்று. பாறையைத் துளைக்கும் தூசி நுரையீரலை அரித்துவிடும். அந்த நோயால் இந்த ஊரில் மடிந்தவர்கள் பலர். தூசியை அடக்கத் தண்ணீர் விட்டுத் துளைத்தார்கள். தண்ணீர் விட்டதும் காற்றில் ஈரம் ஏறும். ஈரம் ஏறினால் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. ஒரு சிக்கலைத் தீர்த்தால் அந்தத் தீர்வே அடுத்த சிக்கலைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. தொழிலில் எல்லாம் இப்படித்தான். இதை வகுப்பிலேயே செய்து காட்ட இரண்டு வெப்பமானி போதும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றுங்கள். வறண்ட நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் காட்டும். மழைநாளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கும். தாத்தா ஏன் அப்படி மூச்சு வாங்கினார் என்பது பேரனுக்கு அந்தச் சிறிய வித்தியாசத்தில் புரியும்.

இந்த ஒரு சிக்கலுக்கு நான்கைந்து வகுப்பு ஆகும். வெப்பம், அழுத்தம், ஆவியாதல், கதிரியக்கம், மனித உடல் என்று ஐந்து பாடத்தின் நுனிகள் இதில் வந்து முடிச்சாகின்றன.

மின்சாரத்துக்கும் வெளியே தேடவேண்டாம். 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அவ்வளவு தூரம் வருவதற்குள் கம்பி சூடாகியே பாதி மின்சாரம் போய்விடாதா? அதே திறனைப் பத்து மடங்கு மின்னழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும், கம்பியில் வீணாவது நூறில் ஒன்றாகும். சூத்திரம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. அது ஏன் இருக்கிறது என்பது இந்தக் கம்பியில் இருக்கிறது.

சயனைடு மேடுகள் பற்றியும் கேட்பார்கள். மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அரைத்த பாறைத்தூள் ஊரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கிறது. ஏன் அதன் மேல் பச்சை பிடிப்பதில்லை? "விஷம் சார்" என்று உடனே விடை வரும். அதை விடையாக எடுத்துக்கொள்ளாமல் ஊகமாக எழுதிவைக்கச் சொல்லவேண்டும். சயனைடு வெயிலில் சிதையக்கூடியது. பிறகு என்ன காரணம்? சத்து இல்லையா, தண்ணீர் நிற்கவில்லையா, உலோக உப்புகளா, காற்று வேரோடு தூளை வாரிக்கொண்டு போகிறதா? ஒன்று மட்டும் கண்டிப்பு: பிள்ளைகளை மேட்டின் மேல் ஏறவோ தூளை அள்ளவோ விடக் கூடாது. ஆடிக் காற்றில் பள்ளி ஜன்னலில் வாசலின் தடவிய கண்ணாடித் துண்டுகளை வைத்து, எந்தத் திசையில் அதிகம் தூசி படிகிறது என்று பூதக்கண்ணாடியால் எண்ணினாலே போதும். அந்த எண்ணிக்கைக்கு நகராட்சியில்கூட மதிப்புண்டு.

நியூட்ரினோ கதை தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே குறைவு. வானிலிருந்து வரும் கதிர்களை ஆராயச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். வெயிலுக்கு ஒதுங்குவது போலத்தான் இது. மற்றத் துகள்களைப் பாறை வடிகட்டிவிடும், எதற்கும் அடங்காத நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும். பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1950-களின் தொடக்கம் முதல் இங்கே வெவ்வேறு ஆழங்களில் அளந்தார்கள். ஆழம் கூடக் கூடத் துகள்கள் குறைந்தன. மிக ஆழத்தில் வாரக்கணக்கில் கருவி ஒன்றையும் பதியவில்லை. ஒன்றும் பதியவில்லை என்பதே அவர்களுக்குப் பெரிய செய்தி. நியூட்ரினோவைத் தேட இதுவே இடம் என்று தெரிந்துவிட்டது. 1965-இல் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் கண்டார்கள். உலகத்தில் முதன்முறை!

அதே டாடா நிறுவனத்து விஞ்ஞானிகள் சிலர் பிற்பாடு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளுக்குத் துணை நின்றார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1972-இல் கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராமிய மையம் என்ற இரண்டு அமைப்புகள் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம் அது. தில்லிப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்தார்கள். 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பின்னர் பொறுப்பேற்றது. பிள்ளைகளே சோதனை செய்து, குழுவில் வாதாடி, முடிவைத் தாங்களே எழுதவேண்டும். பாடநூலில் விடை அச்சடித்திருக்காது. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் "சவாலிராம்" என்ற கற்பனை ஆளுக்குக் கடிதம் போடலாம். இந்தியில் 'சவால்' என்றால் கேள்வி. ஏறக்குறைய ஆயிரம் பள்ளி வரை பரவி முப்பது ஆண்டு நடந்ததை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. அது நடுநிலை வகுப்புகளுக்கானது. ஆனால் நம் அரசுப் பள்ளியில் இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

உயர்நிலைப் பிள்ளைகளுக்கு 1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இருக்கிறது. பத்து முதல் பதினேழு வயதுக்காரர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, தம் ஊரின் ஒரு சிக்கலை ஆராய்ந்து, மாவட்டம், மாநிலம் என்று ஏறிச் சொல்லலாம். கர்நாடகத்தில் ராஜ்ய விஞ்ஞான பரிஷத்து இதை நடத்திவந்திருக்கிறது. தமிழிலோ கன்னடத்திலோ படிக்கிற பிள்ளை ஆங்கிலத்துக்கு அஞ்சி ஒதுங்கவேண்டியதில்லை.

எதிர்ப்புகளையும் சொல்லவேண்டும். பெற்றோர் கேட்பது ஒன்றே: "மார்க்கு வருமா?" மருத்துவக் கல்லூரிகளில் 1990-களில் செய்த ஒப்பீடுகள் நேர்மையாகச் சொன்னது இது: அறிந்ததை நோயாளியிடம் பயன்படுத்துவதில் சிக்கல்வழி மாணவர்கள் தேறினார்கள், அடிப்படைப் பாடங்களின் செய்தித் தேர்வில் சிலவிடத்துக் கொஞ்சம் பின்தங்கினார்கள். 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூவர், புதிதாகக் கற்பவனை வழிகாட்டாமல் விட்டால் அவன் மூளைக்குச் சுமைதான் ஏறும் என்று கடுமையாக எழுதினார்கள். சிக்கல்வழிக் கற்றலில் வழிகாட்டுதல் நிறைய உண்டு என்று அடுத்த ஆண்டே பதில் வந்தது. என் கருத்தில் இரண்டு பக்கமும் சரி. பிள்ளைகளை அம்போ என்று விட்டுவிட்டுக் குழுப்பணி என்று பெயர் வைப்பது சோம்பேறித்தனம். வேதிச் சமன்பாடு சரிசெய்வது, அலகு மாற்றுவது போன்றவற்றுக்கு வாய்ப்பாடு போலப் பயிற்சிதான் வேண்டும், சிக்கல் வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒரு சிக்கல், நன்றாகத் தேர்ந்தெடுத்த ஒன்று, போதும். மீதியைப் பழையபடி நடத்தட்டும். அப்படிச் செய்தால் பொதுத்தேர்வுக்கும் மோசம் வராது.

மொழியைப் பற்றி நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்கள் யோசிக்கவேண்டும். விடையை ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதலாம்; ஆனால் "இல்லடா, அது எப்படி ஆகும்?" என்று வாதாடுவது வீட்டுப் பேச்சில்தான் வருகிறது. குழு விவாதத்தைத் தமிழில் நடத்தவிட்டு, முடிவைப் பள்ளி மொழியில் எழுத வைத்தால் இரண்டு மொழியும் தேறும். குழுவில் கன்னடப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் இருந்தால் கலந்து பேசட்டும், நம்ம ஊரில் அது புதிதா என்ன? சாஃப்ட், ஸ்டோப், கேஜ், ஸ்கிப் என்று ஆங்கிலச் சொல்லையே தமிழாக்கிக்கொண்டு ஒரு தலைமுறை இந்த ஊரில் பேசிற்று. அந்தச் சொற்களின் பொருள் தெரிந்த பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்?

காலம் அதிகமில்லை. 1970-களில் இருபது வயதில் சுரங்கம் இறங்கியவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. வகுப்புக்கு ஒருவரை அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்துச் "சொற்பொழிவு ஆற்றுங்கள்" என்றால் அவர் கூச்சப்பட்டு இரண்டு வார்த்தையோடு எழுந்துவிடுவார். பிள்ளைகள் கேள்வி எழுதிக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போகவேண்டும், போய்த் துல்லியமாகக் கேட்கவேண்டும். கேஜ் அடிமட்டத்துக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகும், தாத்தா? இறங்கும்போது காது அடைத்ததா, ஏறும்போதா? குடிக்கத் தண்ணீர் எவ்வளவு கொண்டுபோனீர்கள், உப்புப் போட்டதா, போடாததா? பாறை அதிரப்போகிறது என்று முன்கூட்டி எப்படித் தெரிந்தது, சத்தத்திலா, காலிலா? ஒவ்வொன்றும் ஒரு பாடத்தின் வாசல். எந்தப் பாடம் என்பதை ஆசிரியர் பிறகு பார்த்துக்கொள்வார்.